இருவர் அமரும் காரும் ஒரு மிதிவண்டியும்

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பது நம் முன்னோர் வாக்கு. வண்டியே வண்டியில் ஏறும் காலத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. நம் ஊர்களில் மிதிவண்டி என்பது சுமை தூக்கும் பிராணி. நெல் மூட்டை, பால் கேன், வாழைத்தார், பள்ளிப் பிள்ளைகள் மூவர், சில வேளை ஓர் ஆட்டுக்குட்டி என எதை ஏற்றினாலும் அது முனகிக்கொண்டே போய்ச் சேரும். அத்தகைய மிதிவண்டியையே ஒரு சுமையாக்கி, காரின் முதுகில் கட்டி, முப்பது கிலோமீட்டர் கொண்டுபோய் இறக்கி, அங்கே ஒரு மணி நேரம் மிதித்துவிட்டு, மறுபடியும் கட்டி வீட்டிற்குக் கொண்டுவரும் வழக்கத்தை இங்கிலாந்து நாட்டிலேதான் நாம் முதன்முதலாகக் கண்டோம். நம் மறைமாவட்டத்திலிருந்து அனுப்பப்பெற்று, டெர்பி நகரையடுத்த ஒரு பங்கில் நான்காண்டுகள் பணியாற்றிய காலம் அது.

ஓட்டுவதற்கென்றே செய்த பொருளை ஏன் சுமக்க வேண்டும் என வாசக அன்பர்கள் கேட்கலாம். அந்நாட்டின் சிற்றூர்ச் சாலைகளைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். இருபுறமும் கற்சுவர் அல்லது வேலி. நடுவே இரண்டு கார்கள் ஒன்றையொன்று உரசாமல் போவதற்கே அளவான பாதை. அதிலும் மலைப்பாங்கான டெர்பிஷயரில் ஒவ்வொரு வளைவுக்கும் பின்னே ஒரு லாரி காத்திருப்பதுபோல் தோன்றும். ஆகவே வயது முதிர்ந்தோர் மிதிவண்டி ஓட்ட விரும்பினால் அதற்கெனவே அமைந்த பாதைகளை நாடிப் போகிறார்கள். அவற்றுள் ஒன்று டிஸ்ஸிங்டன் பாதை எனப்படுவது. 1899-இல் ஆஷ்போர்ன் நகரிலிருந்து பக்ஸ்டன் நோக்கி இரயில் பாதை ஒன்று போட்டார்கள். பயணிகள் வண்டி 1954-இல் நின்றது. பின்னர் 1967-இல் பாதையே மூடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, சரளை பரப்பி, 1971-இல் நடப்போருக்கும் மிதிவண்டிக்காரருக்கும் திறந்துவிட்டார்கள். ஆஷ்போர்ன் முதல் பார்ஸ்லி ஹே வரை 21 கிலோமீட்டர். இரயில் ஏறிய பாதையாதலால் செங்குத்தான ஏற்றம் இல்லை. முழங்கால் நோகும் கிழவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

நாம் சொல்ல வந்தது அத்தகைய கிழவர் ஒருவரைப் பற்றியே. டெர்பியில் தொழிற்சாலையொன்றில் நாற்பதாண்டு காலம் கடைசல் இயந்திரத்தில் நின்று ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் மனைவியுடன் கோவிலுக்கு வருபவர். 2021-இல் அவருக்கு வலது முழங்கால் மூட்டை மாற்றி வைத்தார்கள். தினந்தோறும் மிதிவண்டி மிதிக்க வேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. ஆனால் சாதாரண மிதிவண்டியில் பெடலைச் சுற்ற வேண்டுமானால் முழங்கால் நூறு பாகைக்கு மேல் மடங்க வேண்டும். அவருடைய புது மூட்டு அவ்வளவுக்கு இணங்கவில்லை. அந்த மனிதர் சும்மா இருப்பாரா? பெடலைத் தாங்கும் கிராங்க் எனப்படும் கரம் வழக்கமாக 170 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு 150 மில்லிமீட்டர் கரம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பொருத்தினார். கரம் குட்டையானால் கால் வரையும் வட்டமும் சிறுத்துவிடும். முழங்காலும் அந்த அளவுக்குக் குறைவாக மடங்கினால் போதும். இதனால்தான் போகுமிடத்தில் வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொள்வது அவருக்கு ஆகாத காரியமாயிற்று. அவருக்கு அவருடைய மிதிவண்டியேதான் வேண்டும். வேறெதுவும் காலுக்கு ஒவ்வாது.

இனி அவருடைய காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஸ்தா எம்.எக்ஸ்-5 என்று அதற்குப் பெயர். ஜப்பானில் ஹிரோஷிமாவைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின் தயாரிப்பு. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதன்முதல் காட்டப்பட்டது. அதன் வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. கூரை திறந்த, இருவர் மட்டும் அமரும் குட்டி ஸ்போர்ட்ஸ் கார் என்பது ஒரு காலத்தில் ஆங்கிலேயரின் தனிச்சொத்து. எம்.ஜி.பி. என்னும் கார் 1962 முதல் 1980 வரை அந்நாட்டில் உற்பத்தியாயிற்று. மழை பெய்தால் ஒழுகும், குளிர்காலத்தில் கிளம்ப மறுக்கும் என்று அதை வைத்திருந்தவர்களே கேலி பேசுவார்கள். ஆனாலும் அதை நேசித்தார்கள். அந்த மரபு ஓயும் தறுவாயில், 1979-இல், பாப் ஹால் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர், இப்படிப்பட்ட எளிய காரை நீங்கள் ஏன் செய்யக்கூடாது என்று மஸ்தாவின் கெனிச்சி யமமோதோவிடம் யோசனை சொன்னாராம். பத்தாண்டு கழித்து அது உருவாகி வந்தது. ஆங்கிலேயர் கைவிட்ட பிள்ளையை ஜப்பானியர் எடுத்து வளர்த்து, ஒழுகாமலும் மறுக்காமலும் பழக்கி, அவர்களுக்கே திரும்ப விற்றார்கள் என்றுதான் நமக்குச் சொல்லத் தோன்றுகிறது. 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது கார் வெளிவந்தது.

நம் பெரியவரிடம் இருந்தது அதன் முதல் தலைமுறையைச் சேர்ந்தது. தவளைக் கண்போல் முன்விளக்குகள் மேலெழும்பி வரும் வகை. சிவப்பு வண்ணம். நீளம் நான்கு மீட்டருக்கும் குறைவு. அகலம் 1.675 மீட்டர். உயரமோ 1.23 மீட்டர்தான், பக்கத்தில் நின்றால் கூரை நம் மார்புக்குக் கீழே இருக்கும். டிக்கியின் கொள்ளளவு 124 லிட்டர் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த இடத்திற்குள்ளேதான் மாற்றுச் சக்கரமும் பேட்டரியும் குடியிருக்கின்றன. மீதியில் இரண்டு துணிப்பைகள் வைக்கலாம். ஒரு மிதிவண்டியின் ஹேண்டில்பாரைக்கூட வைக்க இயலாது.

"இதை விற்றுவிட்டு உயரமான கார் ஒன்று வாங்குங்கள், கதவைத் திறந்து மிதிவண்டியை அப்படியே உள்ளே தள்ளிவிடலாம், முழங்காலுக்கும் ஏறி இறங்கச் சுகம்" என்று பிள்ளைகள் சொல்லிப் பார்த்தார்கள். அறிவுள்ள யோசனைதான். அவ்வளவு தாழ்வான இருக்கையில் மாற்று மூட்டுடன் உட்காருவதும் எழுவதும் எளிதன்று. கூரையைப் பின்னுக்கு மடித்துவிட்டு, கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முதலில் பின்புறத்தை இருக்கையில் வைத்துப் பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்வார். காண்பவர்க்கு அது ஒரு சடங்குபோலத் தோன்றும். ஆயினும் விற்க மறுத்தார். ஏன் என்பதை அவர் பிள்ளைகளிடம் விளக்கவில்லை. நம்மிடமும் நெடுநாள் சொல்லவில்லை.

அவருடைய மனைவிக்கு மறதி நோய் கண்டிருந்தது. தொடக்கத்தில் அடுப்பை அணைக்க மறந்தார். பிறகு வீட்டிற்கு வரும் வழி மறந்தது. நாம் அங்கு போய்ச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், தம் மகனைத் தம்முடைய அண்ணன் என்று நினைத்துப் பேசும் நாட்களும் வந்தன. அந்த நாட்களிலும் அந்தச் சிவப்புக் காரைக் கண்டால் நேரே இடப்பக்கத்துக் கதவுக்குப் போவார். கைப்பிடியை எப்படித் திறப்பது என்று தடுமாறமாட்டார். உட்கார்ந்தவுடன் வாரைத் தாமே இழுத்துப் பூட்டிக்கொள்வார். கை கற்றதைக் கை எளிதில் விடுவதில்லை. மகனுடைய காரில் ஏற்றினாலோ, "இது யாருடைய வண்டி? நாம் எங்கே போகிறோம்?" என்று வழி நெடுகக் கேட்டுக் கலங்குவார். இருபதாண்டுகளுக்கு மேல் அவர் அமர்ந்து வந்த இருக்கை அது ஒன்றுதான். அந்த வீட்டிலிருந்து அவர் அச்சமின்றி வெளியே வருவதற்கு எஞ்சியிருந்த ஒரே வாசல் அந்தக் கார் என்றால் மிகையாகாது.

அவருடைய தங்கை டிஸ்ஸிங்டன் கிராமத்தில் வசித்து வந்தார். பழைய இரயில் நிலையம் இருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம். (அழகான ஊர். ஆண்டவர் விண்ணேற்றத் திருநாளில் அவ்வூரார் கிணறுகளை ஒப்பனை செய்வார்கள். ஈரக் களிமண் பூசிய பலகையில் பூவிதழ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் படம் வரைந்து கிணற்றருகே நிறுத்துவார்கள். நம் ஊர்ப் பெண்கள் மார்கழியில் கோலமிடும் பொறுமைக்கு அது சற்றும் குறைந்ததன்று.) சனிக்கிழமைதோறும் இருவரும் அங்கே போவது, அம்மையார் தங்கையுடன் இருப்பது, அந்த ஒன்றரை மணி நேரத்தில் பெரியவர் பாதையில் மிதித்து வருவது. இதுவே திட்டம். வாரத்தில் அவருக்கென்று கிடைத்த நேரம் அது மட்டுமே. மிதிவண்டியை மைத்துனியின் வீட்டிலேயே விட்டுவைக்கலாமே என்று நாம் கேட்டோம். மற்ற ஆறு நாட்களும் வீட்டுக் கொட்டகையில் பின்சக்கரத்தை உருளையின்மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே அரைமணி நேரம் மிதிக்க அந்த வண்டிதான் வேண்டும் என்றார். "அது சிறைக்கைதி முற்றத்தில் நடப்பதுபோல, ஃபாதர். சனிக்கிழமைதான் எனக்கு விடுதலை" என்று சேர்த்துக்கொண்டார்.

இருவர் அமரும் காரில் மிதிவண்டி ஏற்ற மிக மலிவான வழி ஒன்று உண்டு. கூரையை மடித்துவிட்டு, மிதிவண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றி, பக்கத்து இருக்கையில் பழைய போர்வை விரித்து, ஃபோர்க் கால் வைக்கும் பள்ளத்திலும் பின்சக்கரம் வானத்தை நோக்கியும் இருக்குமாறு சாய்த்து வைத்து, இருக்கை வாரால் பிணைத்துவிடுவது. செயின் இருக்கும் பக்கம் இருக்கையில் படாமல் வெளிப்புறம் நோக்க வேண்டும். இல்லையேல் கறுப்பு எண்ணெய் என்றென்றைக்கும் அங்கேயே தங்கிவிடும். கியர் கோலை ஹேண்டில்பார் தடுக்காதிருக்க வேண்டும். இடப்புறக் கண்ணாடி மறையக் கூடாது. மழை வரக்கூடாது, இங்கிலாந்தில் இது பெரிய நிபந்தனை. தனியாகப் போகும் இளைஞர் பலர் இவ்வாறே செய்கின்றனர். ஒரு காசு செலவில்லை. இதைத்தான் அண்டை வீட்டுக்காரர் ஒருவர் அவருக்குச் செய்து காட்டினார். மிதிவண்டி அந்த இருக்கையில் வெகு பொருத்தமாக உட்கார்ந்துவிட்டது. அப்போது வீட்டிற்குள்ளிருந்து அம்மையார் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். இடப்பக்கத்துக் கதவருகே வந்து நின்றார். தம் இடத்தில் வேறொன்று அமர்ந்திருப்பதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வீட்டிற்குள் போய்விட்டார்.

இதைப் பெரியவர் நம்மிடம் சொன்னது ஒரு மாலைப் பூசைக்குப் பிறகு. அப்போதுதான் காரை ஏன் விற்கவில்லை என்பதும் நமக்கு விளங்கிற்று.

அன்று முதல் அவரும் நாமும் இந்தச் சிக்கலை ஒரு கணக்குப் புதிர்போல் எடுத்துக்கொண்டோம். மிதிவண்டி போக வேண்டும். அந்த இருக்கை காலியாக இருக்க வேண்டும். உள்ளே இடமில்லை எனில் வெளியேதான். வெளியே என்றால் எங்கே? மற்றக் கார்களில் கூரைமேல் ஏற்றுவார்கள். இந்தக் காரின் கூரையோ துணி. முன்புறம் கட்டினால் ஓட்டுநருக்குக் கண் தெரியாது. எஞ்சியது பின்புறம் மட்டுமே.

பின்புறத்தில் மூன்று முறைகள் உள்ளன. ஒன்று, காரின் அடிச்சட்டத்தில் இரும்புக் கொக்கி ஒன்றைப் பிணைத்து, அதன்மேல் தாங்கியைப் பொருத்துவது. வேறு வண்டியை இழுப்பதற்கென்று இந்தக் கார் படைக்கப்படவில்லை. எனினும் மிதிவண்டித் தாங்கியை மட்டும் ஏற்கும் கொக்கிகளைச் செய்து தரும் பட்டறைகள் உண்டு. உறுதியில் இதுவே தலைசிறந்தது. விளக்குப் பலகையும் நம்பர் பிளேட்டும் தாங்கியிலேயே இணைந்திருக்கும். செலவைக் கேட்டதும் பெரியவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஓய்வூதியக்காரர் வேறென்ன செய்வார்? மற்றொன்று, ரப்பர்க் கிண்ணங்களைக் காரின் தகட்டில் பதித்து, சிறு பம்பினால் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி ஒட்டவைப்பது. காற்றழுத்தமே அதைப் பிடித்துக்கொள்கிறது. தகடு தூசியின்றித் துடைத்திருந்தால் வியக்கத்தக்க உறுதியுடன் நிற்கும். உள்ளே காற்றுக் கசிந்தால் பம்பின் தண்டில் வண்ணக்கோடு வெளியே தெரிந்து எச்சரிக்கும். கடைசல்காரருக்கு அதில் நம்பிக்கை பிறக்கவில்லை. "எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது என் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஃபாதர்" என்றார். காணாமல் நம்புவதைப் பற்றி நாம் ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்கிறவராயிற்றே. ஆயினும் இந்த விஷயத்தில் அவருடன் வாதிடவில்லை.

மடக்கு மிதிவண்டியையும் எண்ணிப் பார்த்தோம். அந்நாட்டில் பிராம்ப்டன் என்பது பேர்பெற்ற மடக்கு வண்டி. ஆண்ட்ரூ ரிச்சி என்னும் பொறியாளர் 1970-களின் நடுவே இலண்டனில் தம் குடியிருப்பு அறையிலேயே அதை உருவாக்கினார். அவர் சன்னலைத் திறந்தால் எதிரே தெரிந்தது பிராம்ப்டன் ஆரட்டரி என வழங்கும் நம் கத்தோலிக்கத் திருக்கோவில். அந்தப் பெயரையே வண்டிக்கு வைத்துவிட்டார். உலகெங்கும் இரயில்களிலும் அலுவலகங்களிலும் மடித்து வைக்கப்படும் ஒரு வண்டி ஒரு கோவிலின் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பது நம் வாசகருள் பலரும் அறியாததாக இருக்கலாம். மடித்தால் ஏறத்தாழ 65 செ.மீ. நீளம், 58 செ.மீ. உயரம், 27 செ.மீ. அகலம். சக்கரம் 16 அங்குலம். தனியாகப் போகிறவர் அதைப் பக்கத்து இருக்கையில் குழந்தைபோல் உட்கார வைத்துக்கொள்ளலாம். நமக்கோ அந்த இருக்கைதான் ஆகாதே! டிக்கியில் பேட்டரியும் சக்கரமும் இடம் விடவில்லை. விலையும் அதிகம். இதனால் கோவில் பெயர் கொண்ட வண்டியை மரியாதையுடன் விலக்கிவிட்டோம்.

மூன்றாவது முறை வார்ப்பட்டைத் தாங்கி. வளைந்த இரும்புக் குழாய்கள். அவற்றுக்கு ரப்பர்ப் பாதங்கள். மேற்பாதங்கள் டிக்கியின் மூடியில் அமரும், கீழ்ப்பாதங்கள் பம்பரில். ஆறு நைலான் பட்டைகள் மூடியின் விளிம்புகளில் கொக்கிகளால் மாட்டி, மேலும் கீழும் பக்கவாட்டிலுமாக இழுத்துப் பிடிக்கும். மிதிவண்டி இரு கரங்களின்மேல் படுத்தாற்போல் நிற்கும். இதன் பெருமை என்னவெனில், துணிக்கூரையை இது தொடுவதில்லை; தாங்கியும் மிதிவண்டியும் இருக்கும்போதே கூரையை மடிக்கலாம், விரிக்கலாம். குறை, கட்டிய பின்னர் டிக்கியைத் திறக்க முடியாது என்பது. ஒவ்வொரு காருக்கும் இந்தத் தாங்கி ஒத்துவருமா, பாதங்களை எந்தக் கோணத்தில் வைப்பது என்று தயாரிப்பாளர்கள் பட்டியல் வெளியிடுகிறார்கள். அந்தப் பட்டியலைப் பார்க்காமல் வாங்குவது, அளவெடுக்காமல் அங்கி தைப்பதற்குச் சமம்.

பெரியவர் பழைய பொருள் சந்தையில் தாங்கியொன்றை இருபது பவுனுக்கு வாங்கி வந்து, ஒரு பிற்பகல் பங்குமனை முற்றத்தில் வந்து நின்றார். பட்டியலில் அவருடைய கார் இருந்தது. குழாய்களில் துருவில்லை. எல்லாம் சரியே. பட்டைகளை நாம் கையில் வாங்கினோம்.

இங்கே நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் கடற்கரையில் பிறந்தவர். கட்டுமரம் என்றாலே கட்டிய மரம்தான். கட்டு அவிழ்ந்தால் மரம் மட்டுமே மிஞ்சும், அதுவும் தனித்தனியாக. கடலுக்குப் போகுமுன் நம் தந்தையார் கயிற்றைக் கண்ணால் பார்க்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு விரல்களுக்கிடையே முழுநீளமும் ஓடவிடுவார். எந்த இடத்தில் விரல் தயங்குகிறதோ அங்கே அறுத்துவிடுவார். நல்ல கயிறாயிற்றே என்று பார்க்கமாட்டார். அந்தப் பழக்கம் குருமடத்தின் பத்தாண்டு இலத்தீனுக்குப் பிறகும் நம் விரல்களில் தங்கியிருந்தது. மேற்பட்டையொன்றில், இரும்புக் கொளுவி அழுத்தும் இடத்தில், விரல் தயங்கிற்று. பார்த்தால் ஓரத்து இழைகள் வெண்மையாகப் பஞ்சுபோல் பிரிந்திருந்தன. மற்றைப் பட்டைகளும் வெளுத்து மொரமொரவென்றிருந்தன. வெயிலில் பல காலம் கிடந்த நைலான் பார்வைக்கு முழுதாய் இருக்கும். வலிமை பாதி போயிருக்கும்.

"எடை பதின்மூன்று கிலோதானே, ஃபாதர்? ஆறு பட்டைகளில் ஒன்று போனால் ஐந்து இருக்கிறதே" என்றார் அவர். இரும்பை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்து பிழைத்தவர் பேசும் பேச்சா இது? முழங்காலும் சனிக்கிழமையும் அவரை அவசரப்படுத்தின என்று கருதினோம். நின்ற வண்டியில் பதின்மூன்று கிலோ. மணிக்கு எண்பது கிலோமீட்டரில் எதிர்க்காற்று அதைப் பிடித்து அசைக்கும். ஒவ்வொரு பள்ளமும் அதை ஒருமுறை தூக்கிப் போடும். மேற்பட்டை ஒன்று அறுந்தால் தாங்கி பின்னோக்கிச் சாயும். பிறகு மற்ற ஐந்தும் தத்தம் கோணத்தை இழக்கும். "உங்கள் மிதிவண்டி விழுந்தால் உங்களுக்கு ஒரு மிதிவண்டி நட்டம். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிற பையனுக்கு?" என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. தாங்கியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கோபமாகப் போனார் என்றே எண்ணினோம். பத்து நாள் கழித்து, தயாரிப்பாளரிடமிருந்து வரவழைத்த ஆறு புதுப் பட்டைகளுடன் வந்தார். தாங்கியின் விலையைவிடப் பட்டைகளின் விலை அதிகம்.

கட்டும் வேலை ஒரு முழு முற்பகல் பிடித்தது. மூடியையும் பாதங்களையும் முதலில் ஈரத்துணியால் துடைத்தார். நடுவில் ஒரு மணல் துகள் அகப்பட்டால் போதும், வண்ணம் உரிந்துவிடும். பாதம் படும் இடங்களில் கண்ணாடிபோன்ற ஒட்டுத்தாள் பதித்தார். இந்தக் காரில் மூன்றாவது பிரேக் விளக்கு டிக்கி மூடியின்மேலேயே இருப்பதால், பாதங்களை அதற்கு இருபுறமும் ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது. பின்னர் மிதிவண்டி. அதன் நீளம் ஏறத்தாழ 1.75 மீட்டர், காரின் அகலத்தைவிடக் கூடுதல். அப்படியே குறுக்கே கட்டினால் இருபுறமும் சக்கரங்கள் துருத்திக்கொண்டு, பக்கத்து விளக்குகளையும் மறைக்கும். அந்நாட்டுச் சட்டம் இதில் கண்டிப்பானது. பின்விளக்கோ நம்பர் பிளேட்டோ மறையக் கூடாது. நம்பர் பிளேட் மறைந்தால் 1,000 பவுன் வரை அபராதம் விதிக்கலாம். கட்டியவர் யாராயினும் பொறுப்பு ஓட்டுகிறவருடையது. ஆகவே முன்சக்கரத்தைக் கழற்றிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, மிதிவண்டியை உயரத் தூக்கி நிறுத்தினோம். வலப்புறம் சைலன்ஸர் குழாயின் வாய் இருக்கிறது. அதற்கு நேரே டயர் தொங்கினால் அரை மணி நேரத்தில் வெந்துவிடும். பின்சக்கரத்தை இடப்புறமாகத் திருப்பியதும் அந்தக் கவலையும் தீர்ந்தது. பட்டைகளின் வால்களைச் சுருட்டி முடிச்சிட்டார்; காற்றில் பறக்கும் வால் வண்ணத்தைச் சவுக்குபோல் அடிக்கும்.

முடிவாக ஒரு சோதனை. மிதிவண்டியைப் பிடித்துப் பலமாக அசைத்தோம். காரின்மேல் மிதிவண்டி அசைந்தால் கட்டு தளர்வு என்று பொருள். மிதிவண்டியுடன் காரே அசைந்தால் கட்டு சரி. கார் தொட்டில்போல் ஆடிற்று. உள்ளே அமர்ந்திருந்த அம்மையார் கலகலவென்று சிரித்துவிட்டார்.

ஆம், அவர் முன்னதாகவே வந்து தம் இடத்தில் அமர்ந்திருந்தார். அவருக்கு ஒரு வேலையும் கொடுத்திருந்தார் கணவர். இக்காலத்து மிதிவண்டிகளில் முன்சக்கரத்தை ஸ்பானரின்றிக் கழற்றலாம். நடுவே ஊசிபோன்ற அச்சு. அதன் நுனியில் சிறு நெம்புகோல். திருப்பினால் சக்கரம் கையோடு வரும். இத்தாலியில் விசென்சா நகரில் 1933-இல் தொழிற்கூடம் நிறுவிய துல்லியோ காம்பக்னோலோவின் பெயரை உலகறியச் செய்த சாதனம் அது. சக்கரத்தைச் சட்டத்தோடு கட்டும்போது அந்த ஊசி துருத்திக்கொண்டு காரைக் கீறாதிருக்க, அதை உருவி எடுத்துவிட வேண்டும். ஊசியில் இரண்டு குட்டி ஸ்பிரிங்குகள் உண்டு. குறுகிய முனை சக்கரத்தை நோக்கி இருக்கவேண்டும். ஊசி தொலைந்தால் போன இடத்தில் மிதிவண்டி வெறும் இரும்புதான். அதைக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொள்வது அம்மையாரின் பொறுப்பு. டிஸ்ஸிங்டனில் இறங்கியதும் கணவர் கையை நீட்டுவார். அவர் பையைத் திறந்து எடுத்துக் கொடுப்பார். சில சனிக்கிழமைகளில் பையைத் திறந்து நெடுநேரம் தேடுவார். சில சனிக்கிழமைகளில் ஊசிக்குப் பதிலாகச் சீப்பு வரும். பெரியவர் அவசரப்படுத்தமாட்டார். அவருடைய சட்டைப்பையில் எப்போதும் இன்னோர் ஊசி இருந்தது. அதை அவர் மனைவியிடம் காட்டியதே இல்லை.

முதல் பயணத்தில் நாம் நம் காரில் பின்தொடர்ந்தோம். டெர்பியிலிருந்து ஆஷ்போர்ன் போகும் சாலையில் ஐந்து மைல் சென்றதும் ஒதுங்கி நிறுத்திப் பட்டைகளை இறுக்கினார். புது நைலான் முதல் இழுப்பில் கொஞ்சம் நெகிழும். இது எல்லோருக்கும் நாம் சொல்லக்கூடிய எச்சரிக்கை. கூரை திறந்திருந்தது. முன்னே வெள்ளைத் தலைகள் இரண்டு, அவற்றுக்குப் பின்னே சக்கரமொன்றை இழந்த மிதிவண்டி. அந்தக் காட்சியை விட்டு நம் பார்வை அகலவில்லை. மணிக்கு அறுபது கிலோமீட்டருக்குமேல் அவர் போகவில்லை. பின்னால் வந்தவர்கள் ஒலிப்பானை அழுத்தினார்கள். அழுத்தட்டும்.

நாம் தாயகம் திரும்பும்வரை ஏறத்தாழ பதினான்கு மாதம், பனிக்காலம் நீங்கலாக, அந்தச் சனிக்கிழமைப் பயணம் நடந்து வந்தது. இதனிடையே தங்கையின் வீட்டில் தங்குவதற்கும் அம்மையார் சில நாட்களில் இணங்குவதில்லை. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு பாதை தொடங்கும் இடத்திலேயே நின்றுவிடுவார். அப்படி நின்ற ஒருநாள், இருவர் முன்பின்னாக அமர்ந்து மிதிக்கும் நீண்ட மிதிவண்டியில் ஓர் இளந்தம்பதி அவர்களைக் கடந்து போனார்கள். முன்னிருப்பவர் வழியைப் பார்த்துக்கொள்வார். பின்னிருப்பவர் மிதித்தால் போதும், எங்கே போகிறோம் என்பது தெரிய வேண்டியதில்லை.

மறுநாள் பூசை முடிந்ததும் பெரியவர் அளவு நாடாவுடன் பங்குமனைக்கு வந்தார். அத்தகைய வண்டி ஏறத்தாழ 2.4 மீட்டர் நீளம் என்று விசாரித்து வைத்திருந்தார். கார் 1.675. நாம் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டோம். குறுக்கே ஆகாது; நெடுக்கே வைத்தால் கூரை. சக்கரம் இரண்டையும் கழற்றினால் எவ்வளவு குறையும் என்று அவர் பென்சிலால் உறையொன்றின் பின்புறத்தில் கணக்குப் போடத் தொடங்கினார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.